ஒரு நர்ஸ், இரண்டு ஆஃபர் லெட்டர்: மதுரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 29. பி.எஸ்சி. நர்சிங் பட்டம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஆறு வருட வேலை. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், இருப்பது காளவாசலில் வாடகை வீடு. கணவர் வாகன உதிரிபாகக் கடையில் கணக்குப் பார்க்கிறார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நைட் டியூட்டிக்கு நடுவில் மாலை வகுப்புக்குப் போய், ஜெர்மன் மொழியில் பி1 என்கிற இடைநிலை வரை முடித்திருந்தார். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் குடும்ப விவரத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

2025 ஏப்ரலில் இவர் கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது. இன்னொன்று, ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் பணி ஒப்பந்தம். கனடாக் கடிதத்துக்கு 14 லட்சம் ரூபாய் கேட்டார்கள். ஜெர்மனி ஒப்பந்தத்துக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் கனடா மேல்தான் நம்பிக்கை. காசு வாங்குகிறவன் வேலையை முடித்துக் கொடுப்பான், சும்மா கூப்பிடுகிறவனை எதை வைத்து நம்புவது என்பது அவர்கள் கணக்கு. கனடா ஏஜென்டைக் கூட்டி வந்த தாய்மாமா என்னிடமே கேட்டார்: "நீங்களே சொல்லுங்க சார், ஓசியில எவனாச்சும் வேலை குடுப்பானா?"

நான் ஏஜென்ட் இல்லை. மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்த பழக்கத்தில், வெளிநாடு போகிற நர்ஸ்களின் காகிதங்களைப் படித்துப் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான். மாமாவின் கேள்வி நியாயமானது என்றே எனக்குப் பட்டது. இந்த ஊரில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவே யாரையாவது பார்க்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு, கண் காணாத தேசத்து மருத்துவமனை தன் செலவில் ஆள் எடுக்கும் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் வெளிநாட்டு வேலைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தலைகீழ். கடிதம் கொடுத்த பிறகு அலைவது யார், செலவு செய்வது யார் என்று பாருங்கள். அது முதலாளியாக இருந்தால் கடிதத்துக்கு உயிர் இருக்கிறது. வேலைக்குப் போகிறவரே எல்லாம் செய்து, எல்லாம் கட்ட வேண்டும் என்றால் அது கடிதமே இல்லை, விற்பனைச் சரக்கு.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நாட்டின் குடியேற்றச் சட்டத்தில் வேலைக் கடிதத்துக்கு என்ன இடம்? எல்லா நாட்டிலும் ஒரே இடம் கிடையாது. ஒரே நாட்டிலும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. இந்த இரண்டு கடிதங்களையும் அந்த இரண்டு கேள்விகளோடுதான் படித்தோம்.

கனடாக் கடிதம்

ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவில் இப்படி இருந்தது: "ஆஃபர் லெட்டர் இருந்தா 50 பாயின்ட் எக்ஸ்ட்ரா மேடம். பி.ஆர். கன்ஃபர்ம்."

இது ஒரு காலத்தில் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் இன்னும் விலை போகிறது. குடியேற விரும்புகிறவர்களுக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையைக் கனடா 2015 ஜனவரியில் தொடங்கியபோது, மொத்தம் 1,200 மதிப்பெண்ணில் தகுதியான வேலைக் கடிதத்துக்கு மட்டும் 600 கொடுத்தார்கள். அது கையில் இருந்தால் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான அழைப்பு வந்தே தீரும் என்ற நிலை. 2016 நவம்பரில் அதை 50-ஆகக் குறைத்தார்கள், உயர் மேலாளர் பதவிகளுக்கு மட்டும் 200. பிறகு 2025 மார்ச் 25 அன்று அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். அந்த 50-க்காகக் கடிதங்கள் சந்தையில் விலைக்குப் போய்க்கொண்டிருந்தன, அதை ஒழிக்கத்தான் இந்த முடிவு என்று கனடா அரசே காரணம் சொன்னது. நம்மவரிடம் வந்த கடிதத்தின் தேதி ஏப்ரல். செத்துப்போன 50 மதிப்பெண்ணை 14 லட்சத்துக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது எல்.எம்.ஐ.ஏ. "எல்.எம்.ஐ.ஏ. சேர்த்துத்தான் 14" என்றார் ஏஜென்ட். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளிநாட்டுத் தொழிலாளியை எடுப்பதால் இங்குள்ள வேலைச் சந்தைக்குக் கெடுதல் வராது என்று கனடா முதலாளி தன் அரசிடம் காட்டி வாங்கும் ஒப்புதல் அது. ஒரு பணியிடத்துக்குக் கட்டணம் 1,000 கனடா டாலர், அன்றைய மதிப்பில் 60,000 ரூபாய்ச் சொச்சம். அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து வசூலிக்கவே கூடாது என்பது அந்த நாட்டு விதி. அப்படியானால் 14 லட்சம் எதற்கு என்று கேட்டதற்கு, "ப்ராசஸிங்" என்று பதில் வந்தது. எந்த ப்ராசஸ் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மதுரையில் நான் பார்க்கிற பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். எல்.எம்.ஐ.ஏ. வந்தாலும் அதை வைத்துக் கிடைப்பது தற்காலிக வேலை அனுமதி. அதுவும் அந்த ஒரு முதலாளிக்குக் கட்டுப்பட்டது. பி.ஆர். என்பது தனி விண்ணப்பம், தனித் தகுதி. "வொர்க் பெர்மிட் வந்துருச்சு, அப்ப பி.ஆர். தானா வரும்" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்.

ஆனால் இவர் கடிதத்தைத் தோற்கடித்தது மதிப்பெண்ணோ கட்டணமோ அல்ல, பதவிப் பெயர். கடிதத்தில் "பதிவு பெற்ற செவிலியர்" என்று போட்டு, மூன்று மாதத்தில் வேலையில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒன்டாரியோவில் அந்தப் பட்டத்தோடு வேலை பார்க்க, அந்த மாகாணத்தின் செவிலியர் கல்லூரியில் பதிவு வேண்டும். கல்லூரி என்றால் பாடம் நடத்துகிற இடம் அல்ல, நம் நர்சிங் கவுன்சில் மாதிரி உரிமம் கொடுக்கிற அமைப்பு. படிப்புச் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, ஆங்கிலத் திறன் என்று பல படிகள். இவர் ஒரு படியும் ஏறவில்லை, விண்ணப்பமே போடவில்லை. உரிமம் இல்லாத ஒருவரை ஒரு பராமரிப்பு இல்லம் மூன்று மாதத்தில் நர்ஸாகச் சேர்த்துக்கொள்ளும் என்றால், அந்த இல்லத்துக்கு இந்தக் கடிதம் போனதே தெரியாது என்றுதான் அர்த்தம். ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறவருக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. "நம்ம ஆஸ்பத்திரியிலயே கவுன்சில் நம்பர் இல்லாம டியூட்டி போட மாட்டாங்களே சார்" என்றார். பாயின்ட் பற்றி நான் அரை மணி நேரம் பேசியதைவிட இந்த ஒரு வரி வீட்டில் வேலை செய்தது.

கனடாவில் வேலைக் கடிதத்துக்கு மதிப்பே போய்விட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாகாணமே தனக்கு வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்கும் மாகாண நியமனத் திட்டங்களில் பல பிரிவுகளுக்கு உள்ளூர் முதலாளியின் கடிதம் கட்டாயம். மாகாணம் நியமித்துவிட்டால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 600 மதிப்பெண் இன்றைக்கும் உண்டு. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து ஆகிய நான்கு கிழக்கு மாகாணங்களுக்கான அட்லாண்டிக் குடியேற்றத் திட்டம் முழுக்க வேலைக் கடிதத்தின் மேல்தான் நிற்கிறது. அரசு அங்கீகரித்த முதலாளி கடிதம் கொடுத்து, மாகாணம் ஒப்புதல் சொன்னால் போதும், எல்.எம்.ஐ.ஏ.வே தேவையில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் திறன் தொழிலாளர் பிரிவில் நுழைவதற்கே 67 மதிப்பெண் வேண்டும், அது தனிக் கணக்கு. அதிலும் ஏற்பாடான வேலைக்கு இடம் இருக்கிறது. அதே சமயம், சுகாதாரத் துறையினருக்கென்று நடத்தும் ஆள் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில் வேலைக் கடிதம் கேட்பதே இல்லை. அனுபவமும் மொழித் தேர்வு மதிப்பெண்ணும்தான் பேசும். இவர் போன்ற ஒரு நர்ஸ் கனடாவுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தால், 14 லட்சத்துக்குக் கடிதம் தேடுவதைவிட ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டுவது எவ்வளவோ மலிவு.

பொய்க் கடிதத்தோடு விண்ணப்பித்து மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் மாமாவிடம் சொன்னேன். தவறான தகவல் தந்ததாகத் தீர்மானித்தால் கனடா ஐந்து வருடத்துக்குக் கதவைச் சாத்திவிடும். "ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது" என்ற சமாதானம் பெரும்பாலும் எடுபடாது. விண்ணப்பத்தில் கையெழுத்து ஏஜென்டுடையது அல்ல.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. கணவர் செல்போனிலேயே தேடினார். அந்த ஏஜென்ட் பெயர் இல்லை. போன் போட்டுக் கேட்டதற்கு, "நாங்க ரெக்ரூட்மென்ட் இல்ல, கன்சல்டன்சி" என்று பதில். வேலைக் கடிதத்தை விற்றுக்கொண்டே ஆள் எடுக்கவில்லை என்று சொல்கிற சாமர்த்தியம்! சரி, கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்லவும் உரிமம் வேண்டும். வழக்கறிஞராகவோ, அங்குள்ள ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டதும் போன் துண்டானது.

ஜெர்மனி ஒப்பந்தம்

இங்கே வேலைக் கடிதத்துக்குச் சட்டம் கொடுக்கிற இடமே வேறு. மதிப்பெண் கூட்டுவதோடு அது நிற்பதில்லை, மொத்த நடைமுறையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நர்ஸ் வேலை ஜெர்மனியில் அனுமதி தேவைப்படும் தொழில். நம் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமமா என்று ஒரு அலுவலகம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்பது எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கையில் வேலை இல்லாதவருக்கு முதல் தடுமாற்றம் இங்கேயே வரும். இவருடைய ஒப்பந்தம் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் என்பதால், கோப்பு மியூன்ஸ்டர் நகரில் இருக்கும் மைய அங்கீகார அலுவலகத்துக்கு என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இரண்டாவது உதவி வேகம். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திறன் தொழிலாளர் குடியேற்றச் சட்டம், முதலாளிக்கு ஒரு விரைவு வழியைத் திறந்துவிட்டது. வேலைக்கு வருபவர் ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், முதலாளியே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் நகர்த்தலாம். கட்டணம் 411 யூரோ, அப்போதைய மதிப்பில் 40,000 ரூபாயை ஒட்டி. அதை மருத்துவமனை கட்டியது. இந்த வழியில் போனால், காகிதங்கள் முழுமையாகச் சேர்ந்த பிறகு அங்கீகார அலுவலகம் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறகு விசாவுக்கான முன்ஒப்புதல் வந்ததும் தூதரகம் மூன்று வாரத்துக்குள் நேரம் ஒதுக்க வேண்டும், அதன்பின் வழக்கமாக இன்னொரு மூன்று வாரத்தில் முடிவு. சொந்தமாக விசா நேரம் பிடிக்க மாதக்கணக்கில் இணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால், இதன் அருமை எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஒன்று, முதலாளி இல்லாமல் இந்த வழியில் கால் வைக்கவே முடியாது.

மூன்றாவது, ஒப்பந்தத்தை ஜெர்மன் அரசே சரிபார்க்கிறது. "வேலை உறவு பற்றிய அறிவிப்பு" என்று ஒரு படிவம் இருக்கிறது. என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் விடுப்பு என்று முதலாளி நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்களா என்று கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை பார்க்கும். ஜெர்மனிக் கடிதம் உண்மையா பொய்யா என்று என்னிடம் யார் கேட்டாலும் இந்தப் படிவத்தைத்தான் முதலில் கேட்பேன். உண்மையான முதலாளிக்கு அது அன்றாட வேலை, பொய்க் கடிதக்காரருக்குக் கை நடுங்கும். இவர் கேட்ட மறுநாளே மின்னஞ்சலில் வந்தது.

மருத்துவமனைக்காக ஆள் தேடிய நிறுவனம், நியாயமான செவிலியர் ஆட்சேர்ப்புக்காக ஜெர்மனி 2022-இலிருந்து கொடுக்கிற தரமுத்திரை பெற்றது. அந்த முத்திரையின் அடிப்படை நிபந்தனை, ஆட்சேர்ப்புச் செலவு முழுவதும் முதலாளியுடையது என்பதுதான். மாமாவின் "ஓசி" கேள்விக்கு இதுவே பதில். அது ஓசி அல்ல, மருத்துவமனையின் செலவுக் கணக்கு. ஆள் இல்லாமல் வார்டை மூடுவதைவிட இது அவர்களுக்கு லாபம்.

சரி, மியூன்ஸ்டரிலிருந்து வந்த பதில் என்ன? முழு அங்கீகாரம் வரவில்லை. வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நம் பி.எஸ்சி. நர்சிங் படித்த பெரும்பாலோருக்கு வருவது குறைபாட்டு ஆணைதான். இந்த இந்தப் பாடத்தில் இத்தனை மணி நேரம் போதவில்லை, அதை ஈடு செய்யுங்கள் என்று பட்டியல் போட்டு அனுப்புவார்கள். இவருக்கு முதியோர் பராமரிப்பும், வீட்டுக்குப் போய்ச் செய்யும் பராமரிப்பும் குறை. ஈடு செய்ய இரண்டு வழி உண்டு: பயிற்சிக் காலம், அல்லது அறிவுத் தேர்வு. இரண்டும் ஜெர்மனியில்தான் நடக்கும். ஆணை, ஒப்பந்தம், பயிற்சிக்கான இடம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் அங்கீகாரத்தை முடிப்பதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. அதாவது, பாதி அங்கீகாரத்தோடு நாட்டுக்குள் போக முடிந்ததற்குக் காரணம் அந்த ஒப்பந்தம்.

கோப்பில் சிக்கிய இடங்கள்

ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய காகித வேலை இழுத்துக்கொண்டே போனதற்கு ஜெர்மனி காரணமில்லை, நம் இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால். நமக்கு இது நாலும் ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். நிலையான குடும்பப் பெயரோடு வாழ்கிற ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது நாலு பெண்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு என்று அலைந்துதான் தீர்ந்தது. ரேஸ்கோர்ஸ் பகுதியில் இருக்கிற மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெயரைத் திருத்திப் புதிதாக வாங்கலாமா என்றும் யோசித்தார். வேண்டாம் என்றேன். பாதிக் கோப்பு பழைய பாஸ்போர்ட் எண்ணில் போய்விட்ட பிறகு எண்ணை மாற்றினால் ஐந்தாவது பெண்ணும் வந்து நிற்பாள். வெளிநாட்டு எண்ணம் இருக்கிறவர்கள் மொழி வகுப்பில் சேருகிற அன்றைக்கே பெயர்களை ஒரே மாதிரி ஆக்கிவிடுவது நல்லது.

பாட நேரக் கணக்கு அடுத்த தொல்லை. குறைபாட்டை அவர்கள் மணி நேரத்தில் அளக்கிறார்கள். எந்தப் பாடம் எத்தனை மணி, வார்டில் பயிற்சி எத்தனை மணி என்று கல்லூரியும் பல்கலைக்கழகமும் எழுதிக் கொடுக்க வேண்டும். இவருடைய கல்லூரி அலுவலகம் முதலில் கொடுத்த காகிதத்தில் பாடங்களின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் குறைபாட்டுப் பட்டியல் இரண்டு மடங்காக வந்திருக்கும்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பானது. இவர் வேலை பார்த்த மருத்துவமனை சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது. நம் பக்கம் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் இதுதான் வழக்கம், யாரும் இதை அதிசயமாகவும் நினைப்பதில்லை. வெளிநாட்டுக்கு என்று சொன்னால் தர மாட்டார்கள் என்ற பயத்தில், மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு என்று சொல்லி வாங்கிவிடலாமா என்று கேட்டார். அந்தப் பொய் பின்னால் அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது கழுத்தைப் பிடிக்கும் என்பதால் நேராகவே கேட்கச் சொன்னேன். நர்சிங் சூப்பிரண்டென்ட் நடுவில் வந்து பேசியதால் கிடைத்தது. ராஜினாமாவுக்கு மூன்று மாத நோட்டீஸ் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுத்தார், ஜெர்மன் மருத்துவமனையும் சேரும் தேதியைத் தள்ளிவைத்தது. விசா வருமுன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நல்ல ஒப்பந்தமாக இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

ஆஃபர் இல்லாமல் போயிருந்தால்

ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து வாய்ப்பு அட்டை என்று ஒன்று கொடுக்கிறது. வேலைக் கடிதம் இல்லாமலே போய், ஒரு வருடம் வரை அங்கேயே வேலை தேடலாம். தகுதி, மொழி, வயது, அனுபவம் பார்த்து ஆறு மதிப்பெண் வேண்டும். இவருக்கு அது கிடைத்திருக்கலாம். ஆனால் வேலை இல்லாதவர் தன் சாப்பாட்டுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ. ஒரு வருடத்துக்கு 13,092 யூரோ, நம் காசில் 12 லட்சத்துக்கு மேல், முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். பணம் நம்முடையதுதான், மாதாமாதம் எடுத்துச் செலவு செய்யலாம். ஆனாலும் முதலில் அதைப் புரட்ட வேண்டுமே. ஒப்பந்தம் இருந்ததால் சம்பளமே ஆதாரம், உசிலம்பட்டி நிலத்தை அடமானம் வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு வேலைக் கடிதம் இந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தது என்று ரூபாயில் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மற்ற நாடுகளைப் பற்றி ரொம்ப விரிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் முதலாளி ஆதரவு இல்லாமல் போகும் 189 விசாவுக்கான மதிப்பெண்ணில் வேலைக் கடிதத்துக்கு ஒன்றும் கிடையாது. அங்கேயே முதலாளி ஆதரவு விசாக்களில் அதுதான் எல்லாம். பிரிட்டனில் திறன் தொழிலாளர் விசாவுக்கு உரிமம் பெற்ற முதலாளியின் ஆதரவுச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே இல்லை. பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22-இலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு அந்த வழியில் போன ஒரு பெண்ணின் கதை இவருடைய வார்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் உரிமம் ரத்தாகி, 60 நாளுக்குள் வேறு ஆதரவாளரைத் தேடு, இல்லாவிட்டால் கிளம்பு என்று கடிதம் வந்திருந்தது. வேலைக் கடிதத்தால் கிடைத்த விசா, அந்த முதலாளியோடு சேர்ந்தே விழும். கடிதத்தைப் பார்த்தால் போதாது, கடிதம் கொடுத்தவரையும் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

கையெழுத்துக்கு முன்

ஜெர்மனி ஒப்பந்தத்தில் எல்லாமே தேன் இல்லை. அங்கீகாரம் முடியும் வரை நர்ஸ் அல்ல, பராமரிப்பு உதவியாளர். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பார்த்த கை, முதல் வருடம் படுக்கை மாற்றவும் குளிப்பாட்டவும் போகும். சம்பளமும் அதற்கேற்ப மாதம் 2,900 யூரோ. வரியும் காப்பீடும் போகக் கைக்கு 2,000-ஐ ஒட்டி வரும், அதில் வாடகை போக வேண்டும். "மாசம் மூணு லட்சம்" என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் இந்தக் கணக்கைக் கணவரே உட்கார்ந்து எழுதிக் காட்டினார்.

ஒரு பிரிவு எனக்கு உறுத்தியது. 24 மாதத்துக்குள் வேலையை விட்டால், மொழிப் பயிற்சிக்கும் ஏற்பாட்டுக்கும் ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும். இப்படி எழுதுவது அங்கே சகஜம், நியாயமில்லாத மாதிரி எழுதினால் தொழிலாளர் நீதிமன்றங்கள் செல்லாது என்றும் சொல்லியிருக்கின்றன. எவ்வளவு தொகை என்று இவருடைய ஒப்பந்தத்தில் எழுதவில்லை. உச்சவரம்பு எவ்வளவு, மாதாமாதம் எப்படிக் குறையும், மருத்துவமனையே வேலையை விட்டு எடுத்தால் என்ன என்று மூன்று கேள்விகளை ஜெர்மனில் எழுதி அனுப்பினார். வகுப்பு ஆசிரியை திருத்திக் கொடுத்த மடல். மூன்றுக்கும் பதில் வந்தது, பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். கேள்வி கேட்டால் ஆஃபரைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மாமாவுக்குக் கடைசி வரை பயம்.

குழந்தையைப் பற்றித்தான் அந்த வீட்டில் ரொம்ப நேரம் பேசினார்கள். முதல் கட்டத்தில் தனியாகப் போவது, அங்கீகாரம் முடிந்து நர்ஸ் சம்பளம் வந்த பிறகு கணவரும் குழந்தையும் சேருவது என்று முடிவானது. மாமியார் உசிலம்பட்டியிலிருந்து காளவாசலுக்கு வந்து தங்குவதாகச் சொன்னார். "அங்கிட்டு நீ ஒழுங்காச் சாப்புடு, இங்கிட்டு நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஒப்பந்தத்தில் தெளிவான தேதிகளும் சம்பளமும் இருந்ததால் இந்தப் பேச்சைப் பேச முடிந்தது. கனடாக் கடிதத்தை வைத்துக்கொண்டு எப்போது திரும்புவது, எப்போது சேருவது என்று எதையும் திட்டமிட முடிந்திருக்காது.

நிரந்தரமாகத் தங்குவது பற்றியும் கேட்டார்கள். முழு அங்கீகாரம் கிடைத்து, திறன் தொழிலாளர் அனுமதிக்கு மாறிய பிறகு மூன்று வருடம், ஓய்வூதியத்துக்கு 36 மாதச் சந்தா, பி1 மொழி ஆகியவை சேர்ந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். உதவியாளராக இருக்கும் அங்கீகார விசாக் காலம் அந்த மூன்று வருடத்தில் சேராது. அதனால் தேர்வை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு லாபம்.

இப்போது

2025 நவம்பரில் கிளம்பினார். விசாக் கட்டணம் 75 யூரோவும் மொழித் தேர்வுக் கட்டணங்களும் இவர் கையிலிருந்து, விமான டிக்கெட் மருத்துவமனை. பயிற்சிக் காலத்தை விட்டு அறிவுத் தேர்வையே தேர்ந்தெடுத்திருக்கிறார். வாய்மொழி ஒரு பகுதி, வார்டில் நோயாளியோடு செய்முறை ஒரு பகுதி, ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் திரும்ப எழுதலாம். அதோடு பி2 மொழியும் வேண்டும். அதில் பேச்சுப் பகுதி மட்டும் பாக்கி.

கணவர் மதுரையில் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அதே வகுப்பில் இவருடைய பழைய வார்டிலிருந்து இரண்டு நர்ஸ்கள். அவர்களிடம், ஏஜென்டைத் தேடுவதற்கு முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 1978-இலிருந்து இயங்குகிற அரசு நிறுவனம், சென்னையில் இருக்கிறது.

கனடா ஏஜென்டுக்கு மாமா முன்பணமாக 50,000 கொடுத்திருந்தார். ரசீது கேட்டு வாங்கவில்லை, ஆனால் பணம் வங்கி வழியாகப் போயிருந்தது. ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கு. அந்தப் பரிமாற்ற விவரத்தையும் குரல் பதிவையும் வைத்துப் போலீஸில் புகார் கொடுப்பேன் என்று சொன்னதும் 20,000 திரும்பி வந்தது. மீதிக்கு மாமா புகாரே கொடுத்துவிட்டார்.